வாடிக்கையாளர் ஏன் பேச முன்வருகிறார்? வாடிக்கையாளர் சமூகம் பற்றிய எளிய அறிமுகம்

ஒரு பொருளைச் செய்பவருக்கு அதன் உட்பாகங்கள் தெரியும். அதை அன்றாடம் பயன்படுத்துபவருக்கு அது தம் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியும். கோயம்புத்தூரில் மேசை கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டாரின் திறன், கல்லின் எடை, டிரம்மின் கொள்ளளவு ஆகிய யாவும் அதன் பொறியாளருக்கு அத்துப்படி. ஆனால் சித்திரை வெயிலில் உளுந்து அரைக்கும்போது மாவு சூடேறாமலிருக்கக் குளிர்ந்த நீரை எந்தப் பதத்தில் தெளிக்க வேண்டும், பெல்ட் தளர்ந்துவிட்டதை எந்தச் சத்தத்தைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்பவற்றை, பல ஆண்டுகளாக அதில் மாவரைத்து வரும் ஒரு குடும்பத்தலைவி அந்தப் பொறியாளரைவிட நன்றாக அறிவார். இந்த இரண்டாவது வகை அறிவு எந்த அலுவலகத்திலும் தொகுத்து வைக்கப்படுவதில்லை; அது ஆயிரக்கணக்கான சமையலறைகளில் சிதறிக் கிடக்கிறது. அதை வாடிக்கையாளர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளவும், நிறுவனம் அருகிலிருந்து கேட்டுக்கொள்ளவும் செய்யப்படும் ஏற்பாட்டைத்தான் வாடிக்கையாளர் சமூகம் என்கிறோம்.

விளம்பரத்தில் நிறுவனம் பேச, வாடிக்கையாளர் கேட்கிறார். சேவை மையத்தில் வாடிக்கையாளர் முறையிட, நிறுவனம் பதிலளிக்கிறது. சமூகத்தில் மட்டுமே ஒரு வாடிக்கையாளர் இன்னொரு வாடிக்கையாளரிடம் பேசுகிறார். அதனால்தான் அதை உண்டாக்குவது மற்ற இரண்டையும்விடக் கடினமாக இருக்கிறது. சம்பளம் கொடுத்தால் சேவை மையத்தில் ஆள் அமர்ந்துவிடுவார்; காசு கொடுத்துப் பொருளை வாங்கிய ஒருவர், தம் மாலை நேரத்தில் அரை மணியைச் செலவிட்டு, முகம் தெரியாத மற்றொருவரின் சந்தேகத்தைத் தீர்த்து வைக்க எதற்காக முன்வர வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தொடங்கப்படும் சமூகங்களில் வரவேற்புச் செய்தியும் பண்டிகை வாழ்த்துகளும் மட்டுமே எஞ்சி நிற்கும்.

விடைக்கான தொடக்கம் 1955-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கிடைக்கிறது. அக்காலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய கணினிகளை வாடகைக்கு எடுத்தவர்களுள் விமானத் தயாரிப்பு நிறுவனங்கள் முக்கியமானவை. இயந்திரத்தோடு வரும் மென்பொருள் மிகச் சொற்பம். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் கணக்கீட்டுக்கும் அச்சிடுவதற்கும் வேண்டிய அடிப்படை நிரல்களைத் தானே எழுதிக்கொண்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் போட்டி நிறுவனமும் அதே நிரலை அதே செலவில் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தது. ஐபிஎம் 704 என்ற புதிய கணினி வரவிருந்த வேளையில், இந்த வீண் உழைப்பைத் தவிர்ப்பதற்காக அவர்கள் ஒன்றுகூடி ‘ஷேர்’ என்னும் பயனர் அமைப்பைத் தொடங்கினார்கள். தாம் எழுதிய நிரல்களை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டதோடு நிற்காமல், இயந்திரத்தில் என்னென்ன மாற்றம் வேண்டும் என்று ஐபிஎம்மிடம் ஒரே குரலில் கேட்கவும் செய்தார்கள். அந்த அமைப்பு இன்றும் இயங்கி வருகிறது.

சந்தையில் ஒருவரையொருவர் முந்தத் துடித்தவர்கள் இப்படிக் கைகோத்ததற்குப் பரிசோ பாராட்டுப் பத்திரமோ காரணமாக இருக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தொல்லை இருந்தது. ஒருவர் கொடுத்தால் மற்றவருக்கு மாதக்கணக்கில் உழைப்பு மிச்சமானது. பொருளைச் செய்தவரும் காதுகொடுத்துக் கேட்டார். இந்த மூன்றில் முதலாவது இல்லாத இடத்தில் சமூகமே தேவையில்லை என்பது என் கருத்து. பல்துலக்கும் பிரஷ் வாங்கியவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? கற்றுக்கொள்ள நாளாகும் பொருள், பழுதுபார்க்க வேண்டிய பொருள், பழகப் பழகக் கைத்திறன் கூடும் பொருள் ஆகியவற்றுக்கே சமூகம் இயல்பாக அமையும். தையல் இயந்திரம், கேமரா, கணக்கு மென்பொருள், மோட்டார் சைக்கிள், வேளாண் கருவி ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை.

அடுத்து, எத்தனை பேர் பேசுவார்கள் என்பதைப் பற்றிய எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆயிரம் பேர் சேர்ந்த இடத்தில் பத்துப் பேர் மட்டுமே பேசுவதைக் கண்டு மனம் உடைந்துபோகும் நிறுவனங்கள் உண்டு. உண்மையில் அது நோயன்று, இயல்பே அதுதான். இணையப் பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் இதை 90-9-1 என்ற விதியாக எழுதினார்: நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படித்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், ஒருவரே பெரும்பகுதியைப் பேசுவார். இது தோராயமான விதிதான். இடத்துக்கு இடம் எண்கள் மாறும். ஆயினும் அதன் வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை. பேசாமல் படித்துச் செல்லும் தொண்ணூறு பேரைச் சோம்பேறிகள் என்று கருதிவிடக் கூடாது. தம் சந்தேகத்துக்கு விடை அங்கே ஏற்கெனவே இருப்பதைப் பார்த்துவிட்டுச் சேவை மையத்தை அழைக்காமல் போனவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். எனவே எல்லோரையும் பேச வைப்பதை இலக்காகக் கொள்ளாமல், அந்த ஒருவரைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுவதையும், அந்த ஒன்பது பேருக்குத் தயக்கத்தைப் போக்குவதையும் இலக்காகக் கொள்வதே அறிவுடைமை.

தயக்கத்தைப் போக்குவது பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. “எங்கள் தயாரிப்பைப் பற்றிய உங்கள் மேலான கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்” என்று அந்தக் கிரைண்டர் நிறுவனம் எழுதினால் யாரும் பதில் எழுதப் போவதில்லை. கேள்வி எல்லோரையும் நோக்கியிருப்பதால் ஒருவரும் அதைத் தமக்குரியதாக எடுத்துக்கொள்வதில்லை. எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதும் விளங்குவதில்லை. அதே நிறுவனம், “நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும் என்கிறார்கள். உங்கள் வீட்டில் என்ன கணக்கு? அந்த அளவுக்கு உளுந்து எத்தனை நிமிடம் ஓடுகிறது?” என்று கேட்டுப் பார்க்கட்டும். மூன்றுக்கு ஒன்று என்பவரும், வெந்தயத்தை மறந்துவிட்டீர்களே என்று சாடுபவரும், உளுந்தையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டு அரைப்பது தெரிந்து துடித்துப்போகிறவரும் வரிசையாக வந்துவிடுவார்கள். இந்த விடைகளிலிருந்து, தன் இயந்திரத்தை வீடுகளில் உண்மையில் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டுகிறார்கள் என்ற செய்தி நிறுவனத்துக்குச் செலவின்றிக் கிடைக்கிறது. மோட்டார் ஏன் சூடாகிறது என்ற புதிருக்கான விளக்கமும் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். நல்ல கேள்விக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. பதில் சொல்பவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வரிகளில் சொல்லி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவரின் பதில் மற்றவரின் பதிலிலிருந்து வேறுபட இடமிருக்க வேண்டும்.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்திவரும் மூவிலென்ஸ் என்ற திரைப்படப் பரிந்துரைத் தளத்தில், பயனர்கள் தாம் பார்த்த படங்களுக்கு மதிப்பெண் இடுவார்கள். மதிப்பெண்கள் எவ்வளவு சேர்கின்றனவோ அவ்வளவுக்குப் பரிந்துரை துல்லியமாகும். மதிப்பெண் இடுவதை எப்படி ஊக்குவிக்கலாம் என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. பலரும் பார்க்காத படங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், உங்கள் பங்களிப்பு மற்றவர்களால் தர முடியாதது என்று சொல்லப்பட்டவர்கள் கூடுதலாகப் பங்களித்தார்கள். ‘உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்’ என்ற பொதுவான வேண்டுகோளைவிட, இத்தனை படங்களுக்கு மதிப்பெண் இடுங்கள் என்ற திட்டமான இலக்கு நன்றாக வேலை செய்தது. இதனால் உங்களுக்கு நன்மை, பிறருக்கும் நன்மை என்று எடுத்துரைத்தது மட்டும் ஆய்வாளர்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நம்முடைய அழைப்பிதழ்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையிலேயே எழுதப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். “அனைவரும் பயன்பெற வாரீர்” என்பதைவிட, “நீங்கள் இரண்டு ஆண்டுகளாக இந்த மாதிரியைப் பயன்படுத்துகிறீர்கள், நேற்று வாங்கிய ஒருவர் கேட்டிருக்கும் இந்தச் சந்தேகத்துக்கு உங்களால்தான் விடை சொல்ல முடியும்” என்று பெயர் சொல்லி ஒருவருக்கு எழுதும் இரண்டு வரிகள் வலிமையானவை. தொடக்க நாள்களில் இதை நிறுவனரே செய்வது நல்லது. ஆளுக்கொரு கடிதம் எழுதுவது தம் தகுதிக்குக் குறைவு என்று கருதும் முதலாளி, சமூகம் தொடங்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

பேச வைத்தாயிற்று, பேசியவர் மறுபடியும் வருவாரா என்பது வேறு கேள்வி. அதைத் தீர்மானிப்பது, அவர் சொன்ன சொல்லுக்கு என்ன நடந்தது என்பதே. கணினி தயாரிக்கும் டெல் நிறுவனம் 2007 பிப்ரவரியில் ஐடியாஸ்டார்ம் என்ற பெயரில் வாடிக்கையாளர்களின் யோசனைகளைத் திறந்த முறையில் கேட்கத் தொடங்கியது; ஒருவர் சொல்லும் யோசனைக்கு மற்றவர்கள் வாக்களிக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதன் வாடிக்கையாளர் சேவை இணையத்தில் கடுமையான வசைக்கு உள்ளாகியிருந்தது. விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் என்ற இயங்குதளம் நிறுவப்பட்ட கணினிகளை விற்க வேண்டும் என்ற யோசனை விரைவிலேயே முன்னணிக்கு வந்தது. வாங்குவோருள் லினக்ஸ் வேண்டுவோர் சிறுபான்மையினரே என்று சொல்லி நிறுவனம் அதை ஒதுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அதே ஆண்டு மே மாதத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை நிறுவப்பட்ட கணினிகளை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்றே மாதங்களில், கேட்டவர்கள் தாம் கேட்டதை விற்பனையில் பார்த்தார்கள். அங்கே சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்பட்டிருக்காது.

எல்லா யோசனையையும் நிறைவேற்ற முடியாது என்பது வாடிக்கையாளருக்கும் தெரியும். முடியாது என்ற பதிலை அவர் தாங்கிக்கொள்வார். காரணத்தோடு சொன்னால் மதிக்கவும் செய்வார். அவரால் தாங்க முடியாதது மௌனம். “தங்கள் கருத்துக்கு நன்றி. உரிய துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது” என்ற வாசகமும் மௌனத்தின் ஒரு வடிவமே; அரசு அலுவலகங்களில் அதைப் பார்த்துப் பழகிய நமக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும். டிரம்மின் மூடியில் ஒரு கைப்பிடி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், “வடிவமைப்பாளரிடம் பேசினோம். கைப்பிடி வைத்தால் பெட்டியின் உயரம் கூடி, லாரியில் ஏற்றும் எண்ணிக்கை குறைகிறது. மடக்கும் கைப்பிடியைச் செய்து பார்க்கிறோம், பொங்கலுக்குள் முடிவைச் சொல்கிறோம்” என்பது பதில். பொங்கலுக்குள் சொல்லவும் வேண்டும். இப்படிப் பதில் எழுத வேண்டுமானால், எழுதுபவர் தொழிற்சாலைக்குள் சென்று கேட்கும் உரிமை பெற்றவராக இருக்க வேண்டும். விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கூடுதல் வேலையாகக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் பங்கேற்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

வெகுமதியைப் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. பரிசுக் கூப்பன் கொடுத்தால் கூட்டம் வரும். ஆனால் கூப்பனுக்காக வந்த கூட்டம் “அருமை”, “சூப்பர்” என்று எழுதிவிட்டுக் கூப்பனோடு போய்விடும். அதற்காக வெகுமதியே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2009-இல் ஓ2 என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கீழ் தொடங்கப்பட்ட கிஃப்கஃப் என்ற கைப்பேசிச் சேவை, வழக்கமான அழைப்பு மையத்தை வைத்துக்கொள்ளாமல், வாடிக்கையாளர்களின் பெரும்பாலான சந்தேகங்களுக்கு மற்ற வாடிக்கையாளர்களே விடையளிக்கும் முறையில் அமைந்தது. விடையளித்தவர்களுக்கும், புதியவர்களைச் சேர்த்தவர்களுக்கும் புள்ளிகள் வழங்கப்பட்டன. ஒரு புள்ளிக்கு ஒரு பென்னி (பவுண்டில் நூறில் ஒரு பங்கு) என்ற கணக்கில், ஆண்டுக்கு இருமுறை அதைப் பணமாகவோ, கைப்பேசிக் கட்டணமாகவோ, தொண்டு நிறுவனத்துக்கான நன்கொடையாகவோ பெற்றுக்கொள்ள முடிந்தது. இங்கே வெகுமதி நியாயமாகிறது. ஏனெனில் வாடிக்கையாளர் செய்வது நிறுவனம் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை. அதில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை அவருக்குத் திருப்பித் தருவது கடமை. நன்கொடையாகத் தரும் வழியையும் திறந்து வைத்திருந்தது நுட்பமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். காசுக்காகச் செய்கிறோம் என்ற எண்ணம் பிடிக்காதவர்களும் அதனால் உள்ளே இருக்க முடிந்தது.

பொம்மைக் கட்டைகள் தயாரிக்கும் லெகோ நிறுவனத்தின் அனுபவம் இன்னும் நுணுக்கமானது. கணினிவழி இயக்கக்கூடிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பொம்மை ரோபோத் தொகுப்பை அது 1998-இல் வெளியிட்டது. சில வாரங்களுக்குள் ஆர்வலர்கள் அதன் உட்கட்டமைப்பை ஆராய்ந்து, தமக்கு வேண்டியபடி மாற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். வழக்குத் தொடுப்பதா என்று யோசித்த நிறுவனம், இறுதியில் அந்த உரிமையைப் பயனர்களுக்கு வழங்கும் முடிவை எடுத்தது. 2006-இல் வெளிவந்த அடுத்த தலைமுறைத் தொகுப்பை வடிவமைக்கும்போது, அத்தகைய ஆர்வலர்களுள் நால்வரைத் தேர்ந்தெடுத்து இரகசியமாகக் கலந்தாலோசித்தது. அவர்களுக்குக் கிடைத்த சன்மானம் லெகோ கட்டைகள்தாம்; டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரிலுள்ள தலைமையகத்துக்குத் தம் சொந்தச் செலவில் விமானம் ஏறிச் சென்றார்கள். தாம் நேசிக்கும் பொருளின் பிறப்பில் கைவைக்கக் கிடைத்த வாய்ப்பை அவர்கள் எந்தச் சம்பளத்தோடும் ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். அதே லெகோ பின்னாளில், ரசிகர்கள் முழு வடிவமைப்பையே சமர்ப்பிக்கும் லெகோ ஐடியாஸ் திட்டத்தில் வேறு கணக்கைக் கையாண்டது: பத்தாயிரம் பேரின் ஆதரவைப் பெற்று, நிறுவனத்தின் பரிசீலனையிலும் தேறி விற்பனைக்கு வரும் வடிவமைப்புக்கு, நிகர விற்பனையில் ஒரு விழுக்காடு அதை உருவாக்கியவருக்குச் சேரும், பெட்டியோடு வரும் கையேட்டில் அவரைப் பற்றிய அறிமுகமும் இடம்பெறும். ஆலோசனை சொன்னவருக்கு மதிப்பும் நெருக்கமும், சரக்கையே படைத்தவருக்குப் பங்கும் என்ற இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஒரு வாடிக்கையாளரின் வடிவமைப்பை எடுத்து விற்றுவிட்டு, அவருக்குச் சான்றிதழ் மட்டும் அனுப்பும் நிறுவனத்தைச் சமூகம் மன்னிக்காது.

குறை சொல்பவர்களை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பெல்ட் ஆறே மாதத்தில் அறுந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால், அதை நீக்குவது மற்ற அனைவருக்கும் “இங்கே உண்மை பேசாதீர்கள்” என்று அறிவிப்பதற்குச் சமம். வசைச்சொல், பிறரின் தனிப்பட்ட விவரம், சாதி மதப் பழிப்பு, சம்பந்தமில்லாத வணிக விளம்பரம் ஆகியவற்றை மட்டும் நீக்கலாம்; அந்த விதிகளைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும். பெல்ட் அறுந்தவருக்குப் பெரும்பாலும் இன்னொரு வாடிக்கையாளரே, “கொள்ளளவுக்கு மேல் போட்டிருப்பீர்கள், எனக்கும் அப்படித்தான் ஆனது” என்று எழுதிவிடுவார். அதே வாக்கியத்தை நிறுவனம் எழுதினால் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும். இதற்கு நேர்மாறான தவறு, ஊழியர்களையே வாடிக்கையாளர்போல் நடிக்க வைத்துப் புகழ்ச்சி எழுதச் சொல்வது. இணையவழி நுகர்வோர் மதிப்புரைகளுக்காக இந்தியத் தரநிலைகள் அமைவனம் 2022-இல் வெளியிட்ட ஐஎஸ் 19000 என்ற தரநிலை, காசு கொடுத்து எழுதி வாங்கும் மதிப்புரைகளையும், விற்பவரே ஆள் வைத்து எழுதச் செய்யும் மதிப்புரைகளையும் ஏற்பதில்லை. ஊழியர் பேசலாம், ஆனால் ஊழியர் என்ற அடையாளத்தோடு பேச வேண்டும்.

எந்த இடத்தில் கூடுவது என்பதற்கு நம்மூர்ச் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவையே முதலில் நினைக்கின்றன. எல்லோரிடமும் இருப்பதால் தொடங்குவது எளிது. எனினும் அதில் உறுப்பினர்களின் கைப்பேசி எண்கள் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகின்றன. பெண்கள் பலர் பேசத் தயங்குவதற்கு அதுவே போதும். திங்கட்கிழமை ஒருவர் எழுதிய அருமையான விளக்கம், புதன்கிழமைக்குள் காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. ஒரே கேள்வியை ஏழாவது முறையாகக் கேட்கும்போது, பதில் சொல்லிவந்த அந்த நூற்றில் ஒருவர் அலுத்துப்போய் வெளியேறுகிறார். வாட்ஸ்அப்தான் என்று முடிவு செய்தாலும், நல்ல விடைகளை வாரம் ஒருமுறை எடுத்து, எழுதியவரின் அனுமதியோடு அவர் பெயரையும் குறிப்பிட்டு, தேடினால் கிடைக்கும்படி ஓரிடத்தில் தொகுத்து வைக்க வேண்டும். இதில் சுவையான வேலை எதுவும் இல்லைதான்; என்றாலும் ஒருவருடைய உழைப்பு வீணாகவில்லை என்று அவருக்குக் காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

முன்னேற்றத்தை அளக்க உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். அது எளிதில் குறையாத, ஒன்றும் சொல்லாத எண். மாதத்துக்கு ஒருமுறை மூன்றைக் கணக்கெடுத்தால் போதும். கேட்கப்பட்ட கேள்விகளில் எத்தனைக்கு விடையே வரவில்லை; விடை வந்தவற்றுள் எத்தனைக்கு நிறுவனத்தை முந்திக்கொண்டு இன்னொரு வாடிக்கையாளர் விடை சொன்னார்; முதன்முறை பேசியவர்களுள் எத்தனை பேர் அடுத்த மாதமும் பேசினார்கள். முதல் எண் பூச்சியத்தை நெருங்கும்வரை நிறுவனத்தின் ஆளே ஒவ்வொன்றுக்கும் விடை எழுத வேண்டும். இரண்டாவது எண் உயரத் தொடங்கியதும், தெரிந்த விடையாக இருந்தாலும் சில மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்க அவர் பழக வேண்டும். மூன்றாவது எண் குறைந்தால், புதிதாக யாரையும் அழைப்பதை நிறுத்திவிட்டு, சென்ற மாதம் முதன்முறையாகப் பேசியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களில் யாருக்குப் பதில் போகவில்லை என்று பார்க்க வேண்டும்.